ரெண்டே நாள்ல சரியாகும் ட்யூப்

படர்தாமரைக்கு மெடிக்கல்ல வாங்கிப் பூசுன ட்யூப் ரெண்டே நாள்ல அரிப்பை சுத்தமா நிறுத்திடுச்சா? சந்தேகப்படுங்க.

பூஞ்சையைக் கொல்லும் களிம்பு மட்டும் அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. அரிப்பு குறையவே சில நாட்கள் ஆகும், தோல் பழைய நிலைக்கு வர வாரங்கள் ஆகும். ரெண்டு நாள்ல சிவப்பும் போய் அரிப்பும் போயிடுச்சுன்னா, பெரும்பாலும் அந்த ட்யூப்புக்குள்ள ஸ்டீராய்டு இருக்கு.

இழை நீளம். ஆனாலும் படிங்க. "எங்க வீட்ல யாருக்கும் இது இல்ல டாக்டர்"னு சொல்றவங்க, பெரும்பாலும் வீட்ல கேட்டுப் பார்க்காதவங்க. தொடை இடுக்கில் அரிக்குதுன்னு நம்ம ஊர்ல யாரு வாய் திறந்து சொல்றா?

நான் தோல் நிபுணர் இல்லை. எம்பிபிஎஸ் முடிச்சுட்டு அரசு மருத்துவமனையில பொது ஓபி பார்க்கிற ஆள். காய்ச்சல், சளி, சுகர், பிரஷர்னு வர்ற வரிசையில நின்னு, கடைசியா எழுந்திருக்கும்போது குரலைத் தாழ்த்தி "இன்னொண்ணு டாக்டர்..." என்று ஆரம்பிப்பார்கள். அந்த 'இன்னொண்ணு' பத்துக்கு எட்டு தடவை இதுதான். கூடவே பையிலிருந்து நசுங்கிப்போன ஒரு ட்யூபும் வெளியே வரும்.

அந்த ட்யூபோடதான் எனக்குச் சண்டை.

முதல்ல நோயை அடையாளம் பார்த்துடலாம். வட்டமா, வளையமா வரும். ஓரம் லேசா தடிச்சு, பொடிப்பொடியா செதில் இருக்கும். நடுப்பகுதி கொஞ்சம் தெளிஞ்ச மாதிரி இருக்கும். வளையம் நாளுக்கு நாள் வெளிப்பக்கமா விரியும். வியர்த்தா அரிப்பு கூடும். புத்தகத்துல 'சிவந்த வளையம்'னு போட்டிருக்கும். அது வெள்ளைத் தோலைப் பார்த்து எழுதினது. நம்ம தோல்ல சிவப்பு தெரியாது; கரும்பழுப்பா, சில நேரம் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். தொடை இடுக்கு, இடுப்பைச் சுத்தி, பிட்டம், பெண்களுக்கு மார்புக்குக் கீழே, அக்குள். காத்து போகாத, ஈரம் காயாத இடமெல்லாம் அதுக்குச் சொந்த வீடு.

ஆங்கிலேயன் இதைப் புழுன்னு நினைச்சுப் பேர் வச்சான். நம்ம ஊர்ல சில பக்கம் வண்டுகடின்னு சொல்வாங்க. பாவம், புழுவும் வண்டும் செய்யாத குற்றம். இது பூஞ்சை. நம்ம தோலோட மேல்படலம், முடி, நகம் மூணுலயும் இருக்கிற கெரட்டின் என்ற புரதத்தைத் தின்னு வாழற பூஞ்சை. அதனால, "ரத்தத்துல அழுக்கு சேர்ந்திருக்கு", "கரப்பான் பண்டம் சாப்பிட்டுட்டே, கத்தரிக்காயும் கருவாடும் நிறுத்து" என்பதெல்லாம் இந்த நோய்க்குப் பொருந்தாது. கத்தரிக்காய் சாப்பிடுங்க. பூஞ்சைக்கு உங்க குழம்புல ஆர்வம் இல்லை.

எல்லா வட்டமும் படர்தாமரையும் இல்லை. மார்பு முதுகுல அரிப்பே இல்லாம வெளிறித் திட்டுத்திட்டா வர்றது தேமலா இருக்கலாம். அதுவும் பூஞ்சைதான், ஆனா வேற வகை, வேற வைத்தியம். முழங்கை, முழங்கால்ல வெள்ளி நிறச் செதிலோட தடிப்பா இருந்தா சொரியாசிஸா இருக்கலாம். இன்னொண்ணு இருக்கு, அதைத் தவற விடவே கூடாது. அரிப்பு இல்லாம, தொட்டா உணர்வு குறைஞ்ச ஒரு திட்டு. சுவர் விளம்பரத்துல 'உணர்ச்சியற்ற தேமல்'னு பார்த்திருப்பீங்களே, அதுவேதான். தொழுநோயா இருக்கலாம். நேரா அரசு மருத்துவமனைக்கு வாங்க. மாத்திரை முழுக்க இலவசம், முழுசா குணமாகும். அதுல படர்தாமரை களிம்பைப் பூசி ஆறு மாசம் வீணாக்கினா, இழக்கிறது விரல்களாகவும் இருக்கலாம்.

சரி, இப்போ ட்யூப்.

மெடிக்கல்ல போய் "அரிப்புக்கு ஒரு க்ரீம் குடுங்க"ன்னு கேட்டா கிடைக்கிறதுல ஒரு பெரிய பங்கு மூணு-ஒண்ணு, நாலு-ஒண்ணு கலவை. பூஞ்சை மருந்து ஒண்ணு, பாக்டீரியா மருந்து ஒண்ணு, ஸ்டீராய்டு ஒண்ணு. எது நோய்னு தெரியலையா? எல்லாத்தையும் கலந்து அடி, ஏதாவது ஒண்ணு பட்டுடும். இதுக்குப் பேர் வைத்தியமா?

அதுல இருக்கிற ஸ்டீராய்டு பல நேரம் குளோபெட்டசால். தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே உச்சபட்ச வீரியம் உள்ள வகை. சொரியாசிஸ் மாதிரி தடிச்ச தோலுக்கு, குறைஞ்ச நாளைக்கு, டாக்டர் மேற்பார்வையில கொடுக்க வேண்டிய மருந்து. அதை நாம எங்க பூசறோம்? மெல்லிசான தோல் இருக்கிற தொடை இடுக்குல. 1967-ல ஹைட்ரோகார்ட்டிசோனை உடம்பின் ஒவ்வொரு பகுதியிலும் பூசி அளந்து பார்த்தார்கள். முன்கைத் தோல் உறிஞ்சுவதைவிட விரைப்பைத் தோல் 40 மடங்குக்கு மேல் உறிஞ்சியது. அந்த இடத்துல நீங்க தினம் ரெண்டு வேளை ராட்சச ஸ்டீராய்டை மாசக்கணக்கா தேய்க்கிறீங்க.

அப்புறம் ஏன் ரெண்டு நாள்ல சரியாகுது? சிவப்பும் அரிப்பும் பூஞ்சை நேரடியா செய்யற வேலை இல்லை. பூஞ்சையைப் பார்த்து நம்ம உடம்பின் எதிர்ப்பு சக்தி போடுற சத்தம் அது. ஸ்டீராய்டு அந்தச் சத்தத்தை அடக்குது. ராத்திரி நாய் குரைக்குது, தூக்கம் கெடுதுன்னு நாயோட வாயைக் கட்டிட்டுத் திரும்பப் படுத்துக்கிட்ட மாதிரி. திருடன் நிம்மதியா வீடு முழுக்கச் சுத்துவான்.

கூடவே பூஞ்சை மருந்தும் இருக்கேன்னு கேப்பீங்க. இருக்கு. ஆனா அரிப்பு நின்ன மூணாம் நாளே நீங்க பூசறதை நிறுத்திடுவீங்க. பூஞ்சை பாதி செத்து, பாதி பிழைச்சு நிக்கும். பத்து நாள்ல திரும்ப வரும், இந்தத் தடவை கொஞ்சம் பெருசா. திரும்ப அதே ட்யூப். "அந்த க்ரீம்தான் டாக்டர் எனக்குக் கேக்குது"ன்னு சொல்லுவாங்க. கேக்கலைங்க. உங்களை வாடிக்கையாளரா வச்சிருக்கு, அவ்வளவுதான்.

ஆறு மாசம் இப்படிப் போனா, வளையம் வளையமா இருக்காது. ஓரம் மறைஞ்சு, உருவம் மாறி, வளையத்துக்குள்ள வளையமா வந்து, பார்த்தவுடனே கண்டுபிடிக்க முடியாத நிலைக்குப் போயிடும். தோல் காகிதம் மாதிரி மெலியும். ரத்தக்குழாய் தெரியும். அக்குள்லயும் தொடையிலயும் பிரசவத் தழும்பு மாதிரி கோடுகோடா வெடிப்பு விழும். பூஞ்சை போயிடும், அந்தக் கோடு போகாது. கல்லூரி படிக்கிற பொண்ணுங்க, கல்யாணமே ஆகாத பசங்க அந்தக் கோட்டைக் காட்டி "இது எப்ப போகும்"னு கேக்கும்போது சொல்றதுக்கு நல்ல பதில் எதுவும் கிடையாது.

சமீபத்துல ஒரு குடும்பம் மொத்தமா வந்தாங்க. அப்பா பரோட்டா மாஸ்டர். நாள் முழுக்கக் கல்லு முன்னாடி நிக்கிறவர், ஜீன்ஸும் உள்ளாடையும் எப்பவும் நனைஞ்சே இருக்கும். அவருக்கு முதல்ல வந்திருக்கு. அப்புறம் மனைவிக்கு. அப்புறம் பாட்டிக்கு. கடைசியா கைக்குழந்தைக்கு, கன்னத்துல. நாலு பேருக்கும் ஒரே ட்யூப். குழந்தை கன்னத்துலயும் அதே குளோபெட்டசால். அந்த அம்மாவைத் திட்ட எனக்கு வாய் வரல. வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து, கடைக்காரர் கொடுத்த மருந்து, அறுபதோ எண்பதோ ரூபாய் கொடுத்து வாங்கின மருந்து. அவங்க என்ன தப்பு பண்ணாங்க?

தப்பு எங்க இருக்குன்னு சொல்றேன்.

2018 மார்ச்சில் மத்திய அரசு, தோலில் பூசும் 14 ஸ்டீராய்டுகளை அட்டவணை எச்-க்குள் கொண்டுவந்தது. அதாவது, டாக்டர் சீட்டு இல்லாம விற்கக் கூடாது. அதே வருஷம் செப்டம்பர்ல 328 கலவை மருந்துகளைத் தடை செஞ்சப்போ, இந்த மாதிரி க்ரீம் கலவைகள் சிலதும் அந்தப் பட்டியல்ல இருந்தது. தோல் மருத்துவர்களின் அகில இந்தியச் சங்கம் இதுக்குன்னு தனிக்குழுவே அமைச்சு வருஷக்கணக்கா கத்திட்டு இருக்கு. சட்டம் இருக்கு. இன்னைக்கு சாயங்காலம் ஏதாவது ஒரு தெருமுனை மெடிக்கலுக்குப் போய் "படர்தாமரை"ன்னு ஒரு வார்த்தை சொல்லிப் பாருங்க. உங்க கையில என்ன வருதுன்னு பாருங்க. சீட்டு கேட்டாங்களான்னும் பாருங்க.

கடைக்காரரை மட்டும் திட்டிட்டுப் போகவும் முடியாது. இந்தக் கலவையை நோயாளிக்கு முதல்ல எழுதிக் கொடுக்கிறதுல டாக்டர்களும் இருக்காங்க. ரெண்டு நாள்ல அரிப்பு நின்னா 'கைராசி டாக்டர்'னு பேர் வருது. நாலு வாரம் பூசணும்னு சொல்ற டாக்டருக்கு அந்தப் பேர் வராது. அந்தச் சீட்டு அப்புறம் அக்கம்பக்கம் பத்து வீடு சுத்தும்.

அரசு பக்கமும் சொல்லணும். தினக்கூலிக்குப் போறவர் காலை ஓபிக்கு வரணும்னா அன்னைக்கு வேலை போச்சு. வந்தாலும் பல இடங்கள்ல கையில கிடைக்கிறது ஒரு சின்ன ட்யூப். கணக்குப் போட்டுப் பாருங்க. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரைக்கும் பிதுக்கினா சுமார் அரை கிராம் களிம்பு. அது விரல்களோட சேர்த்து ரெண்டு உள்ளங்கை பரப்புக்குத்தான் வரும். ரெண்டு வேளைக்கு ஒரு கிராம். 15 கிராம் ட்யூப் 15 நாள்ல காலி. ரெண்டு தொடை, இடுப்பு முழுக்க இருக்கிறவருக்கு நாலு நாள் தாங்காது. நாலு வார வைத்தியத்துக்கு நாலு நாள் மருந்தைக் கொடுத்து அனுப்பிட்டு, அவர் மெடிக்கல் பக்கம் போறாரேன்னு கோபப்படறது நியாயமே இல்லை. சிகிச்சை முடியும்வரை தேவையான களிம்பையும் மாத்திரையையும் ஒரே தடவையில கொடுக்கணும். இது கேட்டே ஆகவேண்டிய விஷயம்.

இதோட விளைவு நம்ம தொடையோட நிக்கல. படர்தாமரைக்கு முதல் மாத்திரையா இருந்தது டெர்பினாஃபின். அதுக்கு அடங்காத ஒரு பூஞ்சை வகைக்கு 2020-ல ட்ரைகோஃபைட்டன் இண்டோடினியேன்னு பேர் வச்சாங்க. பேர்ல இருக்கிற 'இண்டோ' நம்ம நாடுதான். 2023-ல நியூயார்க்கிலயும் இதைக் கண்டுபிடிச்சு அமெரிக்க சுகாதாரத் துறை எச்சரிக்கை கொடுத்தது. அரைகுறை வைத்தியமும் ஸ்டீராய்டு கலவையும்தான் இதை வளர்த்துவிட்டதுல முக்கியமான சந்தேக நபர்கள்.

இப்போ, வீட்டிலேயே சரி பண்ண முடியுமா? முடியும். சின்னதா ஒண்ணு ரெண்டு வளையம், இதுவரைக்கும் ஸ்டீராய்டு பூசலை, உங்களுக்கு சுகர் இல்லை, முகத்துல இல்லை, பெரியவங்க. இவ்வளவும் சரின்னா தாராளமா முடியும்.

குளோட்ரிமசோல் 1% களிம்பு போதும். வேற எதுவும் கலக்காதது. இங்க ஒரு பெரிய குழப்பம் இருக்கு, கவனமா படிங்க: குளோட்ரிமசோல் வேற, குளோபெட்டசால் வேற. முதலாவது பூஞ்சையைக் கொல்ற நல்லவன். ரெண்டாவது நான் மேல திட்டின ஆள். ரெண்டு பேரும் 'குளோ'ன்னு ஆரம்பிக்கிறதால கடையில அவசரத்துல மாறும். ட்யூப்பைத் திருப்பிப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படிங்க. 'கோனசோல்'னு முடிஞ்சா பூஞ்சை மருந்து: மைகோனசோல், கீட்டோகோனசோல், லுலிகோனசோல். 'சோன்'னு முடிஞ்சா பெரும்பாலும் ஸ்டீராய்டு: பீட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெட்டசோன். ஃப்ளூசினோலோன், குளோபெட்டசால் ரெண்டும் அந்தக் கூட்டம்தான். ஒரு ட்யூப்ல மூணு பேர் இருந்தாலே கீழ வச்சுடுங்க.

குளிச்சு, நல்லா துடைச்சு, ஈரம் காஞ்சப்புறம் பூசுங்க. வளையத்து மேல மட்டும் இல்ல, ஓரத்துக்கு வெளிய ரெண்டு செ.மீ. வரைக்கும். கண்ணுக்குத் தெரியாத பூஞ்சை அந்த எல்லையிலதான் இருக்கும். வெளியிலிருந்து உள்பக்கமா தடவுங்க. குளோட்ரிமசோல் காலை, இரவு ரெண்டு வேளை. வளையம் மறைஞ்சதும் நிறுத்தாதீங்க, அதுக்கப்புறமும் ரெண்டு வாரம். பூசி முடிச்சதும் கையை சோப்பு போட்டுக் கழுவுங்க.

அரசு மருத்துவமனைகள்ல விட்ஃபீல்டு களிம்புன்னு ஒண்ணு கொடுப்பாங்க. பென்சாயிக் அமிலம் 6%, சாலிசிலிக் அமிலம் 3%. நூறு வருஷத்துக்கும் மேல புழக்கத்துல இருக்கிற பழைய ஆள், மலிவானது, தடிச்ச தோலுக்கு நல்லது. ஆனா தொடை இடுக்குலயும் சொறிஞ்சு புண்ணான இடத்துலயும் பூசினா எரியும். அங்க வேண்டாம்.

வாட்ஸ்அப் வைத்தியத்துக்கு வர்றேன். பூண்டை நசுக்கிக் கட்டினா தோல் வெந்து கொப்புளமாகும், நானே பார்த்திருக்கேன். மண்ணெண்ணெய், ப்ளீச்சிங் பவுடர், எலுமிச்சை எதுவும் வேண்டாம். சீமை அகத்தி இலையை அரைச்சுப் போடற பழக்கம் கிராமத்துல உண்டு. அந்த இலைக்குப் பூஞ்சையை எதிர்க்கிற தன்மை உண்மையிலேயே இருக்கு, அதைக் கிண்டல் பண்ண மாட்டேன். ஆனா எவ்வளவு, எத்தனை நாள்னு அளவு இல்லாத ஒண்ணை நம்பி நாள் கடத்தாதீங்க. குளோட்ரிமசோல் விலை அதிகமில்லை.

மருந்தைவிட முக்கியமானது துணி. துண்டு ஆளுக்கு ஒண்ணு. உள்ளாடையை மத்தவங்க துணியோட சேர்த்து ஊற வைக்காதீங்க. சுடுதண்ணியில அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி, வெயில்ல காயப்போடுங்க. குளியலறைக் கதவுக்குப் பின்னாடி, வேற துணிக்கு அடியில மறைச்சு ஈரத்தோட காயப்போடுற பழக்கத்தைப் பெண்களுக்கு யார் கத்துக்கொடுத்தாங்களோ, அவங்களுக்கு இந்த நோய்ல பங்கு இருக்கு. உள்ளாடை வெயில் படற கொடியில தொங்கினா எந்த மானமும் போகாது. மழைக்காலத்துல இஸ்திரி போடுங்க. இறுக்கமான ஜீன்ஸ், லெக்கின்ஸ் ரெண்டு மாசத்துக்கு ஓரமா இருக்கட்டும்.

அப்புறம் அரைஞாண் கயிறு. கேட்டா கோபம் வரும், தெரியும். நாள் முழுக்க வியர்வையை உறிஞ்சிட்டு இடுப்புலயே இருக்கிற நூல் அது. சுத்திப் படர்தாமரை வந்தவங்க சிகிச்சை முடியற வரைக்காவது கழட்டி வைங்க. முடியவே முடியாதுன்னா பழைய கயிறைத் தூக்கிப்போட்டுட்டு, குணமானதும் புதுசு கட்டுங்க. வெள்ளி அரைஞாணா இருந்தா சோப்பு போட்டுக் கழுவித் துடைச்சுக்கலாம்.

வீட்ல அரிப்பு இருக்கிற எல்லாரும் ஒரே நேரத்துல மருந்து போடணும். ஒருத்தர் விட்டுப்போனா அவர்கிட்ட இருந்து மறுபடியும் எல்லாருக்கும்.

ரெண்டு வாரம் ஒழுங்காப் பூசியும் குறையலை, உடம்புல பல இடத்துல பரவியிருக்கு, நகத்துல இருக்கு, சுகர் இருக்கு, கர்ப்பமா இருக்கீங்கன்னா டாக்டரைப் பாருங்க. குழந்தைக்குத் தலையில வட்டமா முடி கொட்டி செதிலா இருந்தா களிம்பு முடிவேருக்குள்ள போகாது, மாத்திரை வேணும். மொட்டை அடிச்சாலும் போகாது. திரும்பத் திரும்ப வருதுன்னா ஒரு தடவை சுகர் டெஸ்ட் எடுத்துடுங்க.

மாத்திரையை நீங்களே வாங்கிச் சாப்பிடாதீங்க. இட்ராகோனசோல் இதயம் பலவீனமானவங்களுக்கு ஆகாது, சில கொழுப்பு மாத்திரைகளோட சேராது. டெர்பினாஃபினுக்கு ஈரல் எப்படி இருக்குன்னு பார்க்கணும். இன்னொரு விஷயம் யாரும் சொல்றதில்ல: இட்ராகோனசோல் காப்ஸ்யூல் வயித்துல அமிலம் இருந்தாதான் உடம்புல சேரும், சாப்பிட்ட உடனே போடணும். அதோட 'கேஸ் மாத்திரை'யையும் சேர்த்து முழுங்கினா பாதி மருந்து வீண்.

ஏற்கெனவே மாசக்கணக்கா அந்தக் கலவை ட்யூப்பைப் பூசிட்டு இருக்கிறவங்க: நிறுத்தினதும் சில நாள் எரிச்சலும் அரிப்பும் முன்னைவிட அதிகமா வரும். அடக்கி வச்ச சத்தம் ஒரேயடியா வெளிய வருது. பயந்துபோய் திரும்ப அதே ட்யூப்பைத் தேடாதீங்க. ஓபிக்கு வாங்க, அரிப்புக்கு மாத்திரை இருக்கு, அந்த நாட்களைத் தாண்டிடலாம். வரும்போது பழைய ட்யூப்பைக் கையோட கொண்டு வாங்க. யாரும் திட்ட மாட்டோம். திட்டினா வேற டாக்டரைப் பாருங்க.

வீட்ல ஃப்ரிட்ஜ் மேலயோ கண்ணாடி ஷெல்ஃப்லயோ ஒரு ட்யூப் கிடக்கும். எடுத்துப் பின்பக்க எழுத்தை போட்டோ எடுத்து கமென்ட்ல போடுங்க, ஸ்டீராய்டு இருக்கா இல்லையான்னு சொல்றேன். இன்னைக்கு நைட் டூட்டி, பதில் காலையிலதான் வரும். ட்யூப் போட்டோ மட்டும் போதும், தயவுசெஞ்சு தொடை போட்டோ வேண்டாம்.